எல் வடிவ வீட்டுக்கு ஓட்டுக்கூரை வரையும்போது: அந்தக் குட்டைக் கோட்டை அழிக்க வேண்டாம்

கேள்வி இதுதான். நாகர்கோவில் பக்கம் எல் வடிவத்தில் வீடு கட்டப்போகிறார்கள். தெற்கு ஓரமாகக் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய கட்டு 36 அடி நீளம், 20 அடி அகலம். அதன் மேற்குப் பக்கத்திலிருந்து வடக்கே நீளும் சின்னக் கட்டு 14 அடி அகலம். இரண்டுக்கும் 30 டிகிரி சாய்வில் மங்களூர் ஓடு. கணினியில் வரைந்தால் இரண்டு முகடும் நேராகச் சேர மறுக்கின்றன. நடுவில் குறுக்கே ஒரு குட்டைக் கோடு வந்து நிற்கிறது, அழித்தால் கூரையே பிய்ந்துபோகிறது. எங்கே தப்பு? பிளானும் கூரையும் ஒழுங்காக வர வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டைக் கோடு தப்பில்லை. உங்கள் வீட்டுக்கு அது வந்தே ஆக வேண்டும். நாளைக்கு ஆசாரி கட்டினாலும் வெல்டர் கட்டினாலும் அதே இடத்தில் ஒரு மூலைக் கைமரம், அதாவது இரண்டு சாய்வு சேரும் மூலையைத் தாங்கும் சாய்ந்த சட்டம், போட்டுத்தான் தீருவார்கள். மென்பொருள் உங்கள் சுவர்களைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. கூரை விசித்திரமாக வந்தால் கூரையை நோண்டாமல் சுவருக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள் என்று என்னிடம் வரைபடம் கற்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு தடவை காரணம் அங்கேதான் இருக்கும்.

ஏன் வருகிறது என்று பார்ப்போம். அதற்கு முன் உங்கள் சாய்வைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 30 டிகிரி என்று போடாமல், அடிக்கு 7 அங்குல ஏற்றம் என்று போடுங்கள். கணக்கில் அது 30.26 டிகிரி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 30 டிகிரியில் 10 அடிக்கு ஏற்றம் 5 அடி 9.28 அங்குலம் என்று வால் நீளும். 7 அங்குலக் கணக்கில் சரியாக 5 அடி 10 அங்குலம். ஆசாரி கையில் இருக்கும் மட்டத்துக்கும் இதுதான் பழக்கம், கணினிக்கும் இதுதான் நல்லது. வால் நீளும் எண்ணைச் சுருக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது பெரிய கட்டின் பாதி அகலம் 10 அடி. அடிக்கு 7 அங்குலம் ஏறினால் முகடு சுவர்த்தலையிலிருந்து 5 அடி 10 அங்குலம் மேலே. சின்னக் கட்டின் பாதி 7 அடி. அங்கே முகடு 4 அடி 1 அங்குலம்தான். சுவர் எல்லாம் 10 அடி உயரம் என்றால் ஒரு முகடு 15 அடி 10 அங்குலத்திலும் இன்னொன்று 14 அடி 1 அங்குலத்திலும் நிற்கிறது. நடுவில் 1 அடி 9 அங்குலம் வித்தியாசம். உயரம் வேறான இரண்டு முகடுகள் நேராகச் சேராது. தாழ்ந்த முகட்டின் முனையையும் உயர்ந்த முகட்டின் முனையையும் ஏதோ ஒன்று இணைக்க வேண்டும். அந்தக் குட்டைக் கோடு அதைத்தான் செய்கிறது.

இதைக் கணினியில் தேடுவதற்கு முன் கட்டம் போட்ட தாளில் ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல்வேன். ஒரு கட்டம் ஓர் அடி. வெளிச்சுவரின் கோட்டை வரையுங்கள். தெற்குச் சுவரிலிருந்து 10 அடியில் பெரிய முகடு, மேற்குச் சுவரிலிருந்து 7 அடியில் சின்ன முகடு. தென்மேற்கு வெளிமூலையிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்தால் அது பெரிய முகட்டைத் தொடும். இரண்டு கட்டும் சேரும் உள்மூலையிலிருந்து 45 டிகிரியில் உள்ளே ஒரு கோடு இழுத்தால் அது சின்ன முகட்டைத் தொடும். இதுதான் கூடல்வாய், இரண்டு சாய்வின் தண்ணீரும் வந்து சேரும் பள்ளம். மிச்சம் இருப்பது, தொட்ட அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதை இணைத்துப் பாருங்கள். அதுவும் 45 டிகிரிதான், மேலிருந்து பார்த்தால் 4 அடி 3 அங்குல நீளம் வரும். உங்கள் திரையில் வரும் கோடும் இதுவும் ஒன்றாக இருந்தால் மென்பொருள் சரி, நீங்களும் சரி.

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் கையால் வரைபவர் என்றால் இந்தத் தாளையே அப்படியே எழுப்பலாம். சுவர்த்தலை மட்டத்தில் வெளிக்கோட்டை வரைந்துகொள்ளுங்கள். பெரிய முகட்டின் முனைப்புள்ளியில் செங்குத்தாக 5 அடி 10 அங்குலத்துக்கு ஒரு கோடு, சின்ன முகட்டின் முனையில் 4 அடி 1 அங்குலத்துக்கு ஒரு கோடு. கோடு சாய்ந்துவிடாமல் இருக்க மேல்நோக்கிய அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டினால் அது செங்குத்து அச்சிலேயே நிற்கும். பிறகு அந்த உச்சிகளிலிருந்து மூலைகளுக்கும், முகட்டு வழியாகக் கட்டின் மறுகோடிக்கும் கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். ஒரு சாய்வின் எல்லா ஓரமும் மூடியதும் அந்த முகம் தானே நிரம்பும். இங்கேதான் ஒரு நல்ல சோதனை ஒளிந்திருக்கிறது. மேற்குச் சாய்வு இரண்டு முகட்டையும் தொடுகிற ஒரே பெரிய பலகை. உயரம் ஓர் இழை பிசகினாலும் அது ஒரே தளத்தில் இருக்காது, முகம் நிரம்பாது. அப்போது குறுக்கே ஒரு கோடு போட்டு எப்படியோ நிரப்பிவிடத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நிரம்பாத முகம் உங்கள் உயரக் கணக்கில் பிழை இருப்பதைக் காட்டுகிறது. 5 அடி 9.28 என்பதை 5 அடி 9¼ என்று சுருக்கிப் போட்டவர்களுக்கு இந்த இடத்தில்தான் முகம் நிரம்பாமல் மண்டை காயும். அடிக்கு 7 அங்குலம் என்று சொன்னது இதற்காகத்தான்.

நாலு பக்கமும் சரிவு வேண்டாம், இரண்டு முனையிலும் முக்கோணச் சுவர் வேண்டும் என்றால் தானாகக் கூரை எழுப்பும் மென்பொருள்களில் அதைக் கூரையில் போய்ச் சொல்ல முடியாது, சுவரிடம் சொல்ல வேண்டும். சீஃப் ஆர்க்கிடெக்ட், அதன் வீட்டு உபயோகப் பதிப்பான ஹோம் டிசைனர் போன்றவற்றில் ஒவ்வொரு சுவருக்கும் கூரைக்கென்று தனிப் பக்கம் உண்டு. அந்தச் சுவருக்கு மேல் சாய்வு வருமா முக்கோணம் வருமா, சாய்வு எத்தனை என்பதெல்லாம் அங்கேதான். ஃப்ரீகேடில் கூரைக்கு அடியில் இருக்கும் கோட்டின் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு கோணம் கேட்கும். முக்கோணம் வேண்டிய ஓரத்துக்கு 90 என்று போடுங்கள். ஸ்வீட் ஹோம் த்ரீடியில் தானாகக் கூரை எழுப்பும் கருவி இயல்பாகக் கிடையாது. ஆனால் சுவரின் இரு முனைக்கும் வெவ்வேறு உயரம் கொடுக்கலாம். முக்கோணச் சுவரை நடுவில் இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு 10 அடியிலிருந்து 15 அடி 10 அங்குலம், மறுபாதிக்கு அதைத் திருப்பிப் போட்டால் சுவர் வந்துவிடும். கூரையை பிளெண்டர் என்ற வேறொரு முப்பரிமாண மென்பொருளில் செய்து ஓபிஜே கோப்பாக உள்ளே கொண்டுவரலாம். அறை அமைப்பையும் மரச்சாமான்களையும் பார்க்க ஸ்வீட் ஹோம் த்ரீடி மிக நல்லது. கூரைக்காக அதோடு மல்லுக்கட்டுவது நேர விரயம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, குட்டைக் கோடே கூடாது, இரண்டு முகடும் ஒரே மட்டத்தில் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டில் ஒருவர் பிடிவாதமாக இருக்கலாம். வழி உண்டு. சின்னக் கட்டுக்கு மட்டும் சாய்வை அடிக்கு 10 அங்குலமாக்கினால் 7 அடிக்கு 5 அடி 10 அங்குலம் ஏறி, பெரிய முகட்டோடு சமமாகிவிடும். அப்போது வெளிமூலையின் கோடும் உள்மூலையின் கூடல்வாயும் மேலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோடாக அமையும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 40 டிகிரி. அவ்வளவு செங்குத்தில் ஓட்டைச் சும்மா அடுக்க முடியாது, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரோடு கம்பி போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். மூலைக் கைமரங்களும் 45 டிகிரியில் வராததால் வெட்டுக்கோணம் எல்லாம் மாறும். இன்னொரு வழி, பெரிய கட்டின் மேற்கு முனையிலும் முக்கோணச் சுவர் எழுப்பி, சின்னக் கூரையைப் பெரிய கூரையின் வடக்குச் சாய்வில் போய் முட்ட வைப்பது. குட்டைக் கோடு போய்விடும். ஆனால் ஒரு கூடல்வாய்க்கு இரண்டு கூடல்வாய் ஆகிவிடும். ஒழுகக்கூடிய இடத்தை நாமே இரட்டிப்பாக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சின்னக் கட்டின் சுவரை மட்டும் 1 அடி 9 அங்குலம் உயர்த்தலாமே என்று கேட்பார்கள். உயர்த்தினால் வெளிமூலையில் இரண்டு இறவாணமும், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை ஓரமும், வேறு வேறு மட்டத்தில் நிற்கும், மூலை மடியாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் குட்டைக் கோட்டை அப்படியே வைத்துக்கொள்வேன். கீழே நின்று பார்த்தால் யார் கண்ணையும் அது உறுத்தாது.

பிளானுக்கு வருகிறேன். கூரையை எழுப்பும் முன் பிளானில் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. எல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றும் கூரையில் போய்ப் பெரிதாக வெடிக்கும்.

முதலாவது, நம் ஊர் அளவு எழுதும் வழக்கம். மேஸ்திரி தாளில் 9.6 என்று எழுதினால் 9 அடி 6 அங்குலம் என்று நாம் படிக்கிறோம். கணினி அதை ஒன்பதே தசம் ஆறு அடி என்று படிக்கும், அதாவது 9 அடி 7.2 அங்குலம். இதாவது பரவாயில்லை. 10.10 என்பது நமக்கு 10 அடி 10 அங்குலம், கணினிக்கு 10 அடி 1.2 அங்குலம். ஒரே அறையில் கிட்டத்தட்ட முக்கால் அடி காணாமல் போய்விடும். அடிக்கும் அங்குலத்துக்கும் உள்ள குறிகளைப் போட்டே தட்டுங்கள், அல்லது முழுவதையும் மில்லிமீட்டரில் மாற்றிவிடுங்கள். இரண்டையும் கலப்பது மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, பழைய பிளானை ஸ்கேன் செய்து அடியில் வைத்து வரைகிறீர்கள் என்றால் அளவு பொருத்தக் கதவையோ ஜன்னலையோ எடுக்காதீர்கள். இருப்பதிலேயே நீளமான அளவை எடுங்கள், உங்கள் வீட்டில் அந்த 36 அடி. பொருத்தியபின் குறுக்குவாட்டில் 20 அடியை அளந்து பாருங்கள். நகல் எடுத்த தாள் ஒரு பக்கம் இழுத்திருப்பது சகஜம். கைபேசியில் சாய்வாகப் பிடித்த படமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, வெளிச்சுவர்களை முதலில் ஒரே சுற்றாக வரைந்து மூடுங்கள், உள்சுவர் எல்லாம் பிறகு. தானாகக் கூரை எழுப்பும் மென்பொருளுக்கு வெளிச்சுவரின் ஒவ்வொரு துண்டும் ஒரு சாய்வுப் பலகை. ஒரே நேராக ஓட வேண்டிய சுவரை இரண்டு தடவையாக வரைந்து, நடுவில் அரை அங்குலம் விலகியிருந்தால் அது அரை அங்குலத்துக்கும் தனியாக ஒரு கூரை போடப் பார்க்கும். திரையில் ரிப்பன் மாதிரி ஒல்லியான துண்டுகள் கூரையில் வந்தால் அதற்குக் கீழே சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலகல் கண்ணில் படும். அதைச் சரி செய்து கூரையை அழித்துவிட்டு மறுபடி எழுப்பினால் ரிப்பன் போய்விடும்.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். சுவரின் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம் என்பது. ஸ்வீட் ஹோம் த்ரீடியில் சுவரை நடுக்கோட்டில்தான் இழுக்கிறோம். வேறு சிலவற்றில் உள்முகமா வெளிமுகமா நடுவா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சில வருஷங்களுக்கு முன் இதே 20 அடி அகலத்தில் ஒரு வீட்டுக்கு ஸ்கொயர் பைப் கூரை வரைந்து கொடுத்தேன். சுவர் 9 அங்குலம். 20 அடி என்பது வெளிமுகத்திலிருந்து வெளிமுகம். நான் கூரையின் அடிக்கோட்டை நடுக்கோட்டில் வைத்துவிட்டேன், அது 19 அடி 3 அங்குலம். திரையில் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. பைப்பைப் பட்டறையிலேயே வெட்டிக் கொண்டுவந்து ஏற்றியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு கைமரமும் 5 அங்குலம் குறைச்சல். இறவாணம் 2 அடி வெளியே நிற்க வேண்டியது 1 அடி 7½ அங்குலத்தோடு நின்றது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. முனைகளில் துண்டு வைத்துப் பற்றவைத்துச் சரி செய்தோம். அன்றிலிருந்து கூரைக்கென்று வெளிமுகத்தில் தனியாக ஒரு மூடிய கோடு வரைந்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்துப் பூட்டி வைத்துவிடுகிறேன். முகட்டுக் கணக்கு, இறவாணக் கணக்கு எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான். ஸ்கெட்ச்அப்பில் என்றால் சுவரை ஒரு குரூப், கூரையை ஒரு குரூப் என்று பிரித்து வைத்து, இந்தக் கோட்டுக்குத் தனி டேக் போடுங்கள். 2020-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் அதற்கு லேயர் என்று பெயர் இருக்கும்.

அடுத்தது தாழ்வாரம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வடகிழக்கு திறந்த எல் வடிவ வீட்டில் பெரிய கட்டின் வடக்குப் பக்கம் ஒரு தாழ்வாரம் இல்லாமல் இருக்காது. கூரையை அப்படியே கீழே நீட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், மென்பொருளிலும் வெளிநீட்டத்தில் 8 அடி என்று போட்டால் சொன்ன பேச்சைக் கேட்டு நீட்டிவிடும். கணக்கைப் பாருங்கள். தாழ்வாரம் 6 அடி, அதற்கு வெளியே இறவாணம் 2 அடி. அடிக்கு 7 அங்குலம் என்றால் தூண் இருக்கும் இடத்தில் கூரை 3 அடி 6 அங்குலம் இறங்கியிருக்கும், இறவாண நுனியில் 4 அடி 8 அங்குலம். சுவர்த்தலை 10 அடி என்றால் தூணுக்கு மேலே 6 அடி 6 அங்குலம், நுனியில் வெறும் 5 அடி 4 அங்குலம். குனிந்துதான் நுழைய வேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் குனிந்துதான் நுழைந்தோம், வெயிலும் சாரலும் உள்ளே வராததற்கும் அதுவே காரணம். ஆனால் இன்றைக்குக் கட்டுகிறவர் தலையில் இடித்துக்கொண்டபின் அந்தச் சமாதானத்தை ஏற்க மாட்டார்.

மேலிருந்து பார்க்கும் பிளானில் இது தெரியவே தெரியாது. வெளியில் தூரத்தில் நின்று பார்க்கும் முப்பரிமாணப் படத்திலும் அழகாகத்தான் இருக்கும். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்தே முக்கால் அடி உயரத்தில் ஒரு மனித உருவத்தை இறவாண நுனிக்கு நேர் கீழே நிறுத்திவிட்டு, குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுத்தோற்றம் பார்க்காமல் எந்தக் கூரையையும் முடிவு செய்யாதீர்கள். உருவத்தின் நெற்றி ஓட்டுக்குள் புகுந்திருந்தால் இரண்டு வழி. வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் ஓர் அடி உயர்த்தி 11 ஆக்கினால் தூணில் 7 அடி 6 அங்குலம், நுனியில் 6 அடி 4 அங்குலம் கிடைக்கும். அல்லது சுவரோடு கூரையை முறித்து, தாழ்வாரத்துக்கு மட்டும் சாய்வைக் குறைக்கலாம். அடிக்கு 5 அங்குலமாக்கினால் நுனியில் 6 அடி 8 அங்குலம் நிற்கும். ஆனால் சாய்வு குறையக் குறைய காற்றோடு அடிக்கும் மழையில் ஓட்டின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பார்க்கும் குமரி மாவட்டத்தில் நான் சுவரைத்தான் உயர்த்துவேன். செங்கல் செலவு ஒரு தடவைதான், ஒழுகல் வருஷா வருஷம்.

தாழ்வாரக் கூரை சின்னக் கட்டின் கிழக்குச் சுவரில் போய் முட்டும் இடத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். உள்மூலையிலிருந்து 2 அடி வரை கூடல்வாய் ஓடி நின்றுவிடும். அதற்கப்புறம் சின்னக் கட்டின் இறவாணம் தாழ்வாரக் கூரைக்கு மேலே நிற்க வேண்டும், அதன் தண்ணீர் கீழே உள்ள ஓட்டில் விழுந்து வழிய வேண்டும். தானாக இணைக்கும் கட்டளையைக் கொடுத்தால் சில மென்பொருள்கள் கூடல்வாயைத் தாழ்வாரத்தின் நுனி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் குழப்பிவிடும். அங்கே இரண்டையும் தனித்தனிக் கூரையாகவே விட்டுவிடுங்கள்.

கூடல்வாய் பற்றி இன்னும் கொஞ்சம். ஓட்டு வீட்டில் ஒழுகல் என்று வந்தால் ஆசாரி முதலில் ஏறிப் பார்க்கும் இடம் இதுதான். இரண்டு கூரையும் அடிக்கு 7 அங்குலம் இறங்கினாலும் கூடல்வாய் கோணலாக ஓடுவதால் அதன் சாய்வு குறைவு, சுமார் 22 டிகிரிதான். இரண்டு சாய்வின் தண்ணீர் வந்து சேரும் இடத்தில், வேகம் குறைந்த ஓட்டம். அதனால்தான் அங்கே ஓட்டுக்கு அடியில் தகடு போட்டு வாய்க்காலாக்குகிறார்கள். மாடலில் அதை ஒரு கோடாக விட்டுவிடாமல், இரு பக்கமும் ஓட்டை அரை அடி விலக்கி ஒரு பட்டையாக வரைந்துவிடுங்கள். அந்தப் பட்டையின் கீழ்முனை தரையில் எங்கே விழுகிறது என்று ஒரு செங்குத்துக் கோடு இறக்கிப் பாருங்கள். எல் வடிவ வீடுகளில் தலைவாசலை உள்மூலை ஒட்டி வைக்கும் பழக்கம் அதிகம், கூடமும் அறைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. மழைக்காலத்தில் கூடல்வாயில் சேரும் தண்ணீர் எல்லாம் அந்த வாசல் எதிரிலேயே ஒரே இடத்தில் கொட்டும். பிளானில் கதவை நாலடி கிழக்கே தள்ளுவது சுட்டியால் ஒரு இழுப்பு. கட்டியபின் அதே நாலடியைத் தள்ள முடியாது. தாழ்வாரம் இருந்தால் கொஞ்சம் தப்பித்தீர்கள். அப்போதும் அந்த இடத்தில் மழைநீர் கீழே இறங்க ஒரு குழாயைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள்.

பின்னால் ஒரு பகுதியைக் கான்கிரீட் மொட்டை மாடியாக விடுவதாக இருந்தால், ஓட்டுச் சாய்வு கைப்பிடிச் சுவரில் முட்டும்படி மட்டும் வரையாதீர்கள். தண்ணீர் சுவரிலிருந்து விலகித்தான் ஓட வேண்டும்.

நிழலைப் பார்க்கும் வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காவிட்டால் அது இயல்பாக அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரத்தை வைத்துக்கொள்ளும், அந்த மென்பொருள் பிறந்த ஊர் அது. அங்கே அட்சரேகை 40 டிகிரி, நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். நாகர்கோவில் 8 டிகிரியில் இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் நமக்குச் சூரியன் உச்சிக்கு வடக்கே 15 டிகிரி சாய்ந்து நிற்கும். வடக்குத் தாழ்வாரம் எப்போதும் நிழல் என்று நம்பி வரைந்தால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஏமாற்றம்தான். வடதிசையைச் சரியாகத் திருப்பி, ஊரைக் குறித்து, ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒவ்வொரு படம் எடுத்துப் பாருங்கள். ஸ்வீட் ஹோம் த்ரீடியிலும் திசைகாட்டியைத் திறந்தால் ஊரைக் குறிக்க இடம் இருக்கிறது.

ஓட்டை ஒவ்வொன்றாக மாடல் செய்ய வேண்டாம், கணினி நின்றுவிடும். ஓட்டின் படத்தைச் சாய்வில் ஒட்டி, அதன் அளவை மட்டும் உண்மையாக வையுங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் ஆலை வைத்துத் தொடங்கிய அந்த ஓடு இன்று ஐஎஸ் 654 என்ற தரக்குறிப்பில் வருகிறது. பரவலாகக் கிடைப்பது 410 மில்லிமீட்டர் நீளம், 235 மில்லிமீட்டர் அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போக, கண்ணுக்குத் தெரிவது சுமார் 320-க்கு 200. சதுர மீட்டருக்கு 15, 16 ஓடு. ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும் என்பதால் ரீப்பர் இடைவெளியை என் எண்ணை நம்பிப் போடாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் ஓட்டில் பத்தைத் தரையில் கோத்து வைத்து, ஒருமுறை நன்றாக இழுத்தும் ஒருமுறை நெருக்கியும் அளந்து, நடுவில் வரும் நீளத்தில் ஓர் ஓட்டுக்கு எவ்வளவு என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கைமரத்தின் நீளத்தை அந்த எண் மீதியில்லாமல் வகுக்கும்படி இறவாணத்தை ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ வைத்தால் முகட்டில் ஓட்டை வெட்ட வேண்டியிருக்காது.

கூரையின் பரப்பை மென்பொருளே சொல்லும், ஆனால் அது சாய்ந்த பரப்பைச் சொல்கிறதா பிளான் பரப்பைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கு 7 அங்குலச் சாய்வில் பிளான் பரப்பை 1.158-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் பெரிய கட்டை மட்டும் எடுத்தால், தாழ்வாரம் இல்லாமல் நாலு பக்கமும் 2 அடி நீட்டத்தோடு 24-க்கு 40, அதாவது 960 சதுர அடி. சாய்வில் அது 1,111 சதுர அடி, 103 சதுர மீட்டர். ஓடு 1,550 முதல் 1,650 வரை. மூலையிலும் கூடல்வாயிலும் வெட்டும்போது உடைவதற்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஆசாரிக்கோ வெல்டருக்கோ அந்த முப்பரிமாணப் படத்தை மட்டும் கைபேசியில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு தாள். ஒன்று, மேலிருந்து பார்த்த கூரைப் பிளான்: முகடு, மூலை, கூடல்வாய், அந்தக் குட்டைக் கோடு, ஒவ்வொன்றின் நீளத்தோடு. இரண்டாவது, பெரிய கட்டு வழியாக ஒன்றும் சின்னக் கட்டு வழியாக ஒன்றுமாக இரண்டு வெட்டுத்தோற்றம்: சுவர்த்தலை உயரம், முகட்டு உயரம், இறவாண நுனி உயரம், அடிக்கு எத்தனை அங்குலம். வெளிமுகத்திலிருந்து அளந்தது என்று இரண்டு தாளிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பைப்பை வெட்டும் முன் கட்டி முடித்த சுவரின் மேல் டேப் பிடித்து அந்த 20 அடியையும் 14 அடியையும் ஒருமுறை அளந்து வரச் சொல்லுங்கள். பூச்சோடு சேர்த்து அவை ஓர் அங்குலம் கூடியிருக்கும். அந்த எண்களை மாடலில் திருத்திவிட்டு, அதன்பிறகு தாளை அச்சிட்டுக் கொடுங்கள்.